மழைக்குப் பின்னால் மழை

கடைசி ஓவர். எட்டு ரன் வேண்டும். பௌலர் ஓடி வரும்போது வெளியே சோவென்று மழை. டிவியில் 'சிக்னல் இல்லை'. பக்கத்து வீட்டு மாமா, "எவனோ டிஷ்ஷை ஆட்டிட்டான்" என்று குடையோடு மொட்டை மாடிக்குக் கிளம்பினார்.

"இடி இடிக்குது, உள்ள வாங்க மாமா. ஆட்டினது மழைதான்."

"அப்ப எஃப்எம் மட்டும் எப்படிப்பா பாடறது?"

நியாயமான கேள்வி. எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். மழைத்துளி மிஞ்சிப்போனால் 5, 6 மில்லிமீட்டர். அலை அதைச் சட்டையே செய்யாது. டிஷ்ஷுக்கு வருகிற அலையோ இரண்டரை சென்டிமீட்டர்தான். துளிகள் அதில் கொஞ்சத்தைக் குடித்துவிடும், கொஞ்சத்தைக் கண்ட திசையில் சிதறடிக்கும். 36,000 கிலோமீட்டர் தாண்டி வந்தது, கடைசி சில கிலோமீட்டரில் காலி. (குளிர் தேசங்களில் உலர்ந்த பனி அவ்வளவாகப் படுத்தாது. பாதி உருகிய பனி படுத்தும்.)

மாமாவுக்குப் போனது ஒரு ஓவர். இதே சமாசாரம் விமானத்தில் நடந்தால்?

1977 ஏப்ரல் 4. அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்தது சதர்ன் ஏர்வேஸ் 242. உள்ளே 85 பேர். வழியெல்லாம் இடிமழை. விமானத்தின் மூக்கிலிருக்கும் ரேடார் அலையை அனுப்பி, மழையில் பட்டுத் திரும்புவதைத் திரையில் காட்டும். இந்த வகை ரேடார்களின் அலைநீளம் பொதுவாக 3 சென்டிமீட்டர், அதாவது நம் டிஷ் ஜாதி. முன்வரிசை மழையே அலையை விழுங்கிவிட்டால் பின்னாலிருந்து எதுவும் திரும்பி வராது. திரையில் அந்த இடம் வெறிச்சென்று இருக்கும். வழி இருப்பதாகத் தோன்றும்.

பைலட்டுகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. மழை குறைவு என்று நம்பிப் போன இடம், புயலின் உக்கிரமான பகுதி. தண்ணீரையும் ஆலங்கட்டியையும் விழுங்கி இரண்டு எஞ்சின்களும் நின்றன. நியூ ஹோப் என்ற ஊரில் சாலையிலேயே இறக்கப் பார்த்தார்கள். தரையிலிருந்த 9 பேரையும் சேர்த்து 72 பேர் இறந்தார்கள். 22 பேர் பிழைத்தார்கள்.

அலையை நீளமாக்கினால் என்ன? ஆக்கலாம். 2002ல் சென்னைத் துறைமுகத்தில் வைத்த வானிலை ரேடார் 10 சென்டிமீட்டர் ரகம். மழையை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் அதற்கேற்ற பெரிய தட்டு விமானத்தின் மூக்கில் நுழையாது. அதனால் பிற்பாடு வந்த சில விமான ரேடார்கள், 'இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை' என்று திரையில் தனி நிறம் போட்டு ஒப்புக்கொள்கின்றன.

மழை விட்டது. மாமா தொப்பலாக இறங்கி வந்தார். படமும் வந்தது. பற்பசை விளம்பரம்.