பின்வரிசைக்கும் தெரியட்டும்

வகுப்பில் ஒரு குழு தன் ஆய்வைப் படைக்கிறது. திரையில் பள்ளிச் சின்னம் மங்கலாகத் தெரிகிறது. பட்டை வரைபடத்தின் எழுத்துகளைப் பின்வரிசை மாணவரால் படிக்க முடியவில்லை. காரணம் என்ன?

நாம் வழக்கமாக ஒட்டும் படம் சிறு புள்ளிகளால் ஆனது. அதைப் பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகிப் படம் மங்கிவிடும். வெக்டர் படமோ கோடுகளையும் வளைவுகளையும் கணித விவரங்களாகச் சேமிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கணினி அவற்றைப் புதிதாக வரைவதால் கூர்மை குறைவதில்லை. 2001இல் பொதுத்தரமாக அறிவிக்கப்பட்ட எஸ்.வி.ஜி. இத்தகைய கோப்புவகையாகும். இன்றைய வேர்டு, பவர்பாயிண்ட் செயலிகள் அதனை ஏற்கின்றன.

புகைப்படங்களுக்கு இம்முறை பொருந்தாது என்பது உண்மைதான். ஆயினும், சின்னம், வரைபடம் ஆகியவற்றுக்கு வெக்டரே ஏற்றது என்பது என் கருத்து. பிறர் பார்ப்பதற்காகத்தானே படத்தைக் காட்டுகிறோம்? கடைசி இருக்கையில் இருப்பவருக்கும் அது தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா?