ஒப்பந்தம் எந்த வகுப்பறைக்கு?

பேராக்கின் ஆசிரியர் கல்வியில் ஒரு பெரிய திருப்பம் வெளிநாட்டுப் பயணம் ஒன்றில் தொடங்கியது. 1916இல் காலனி அரசின் கல்வி அதிகாரி ஆர்.ஓ. வின்ஸ்டெட் ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய், அங்கே தாய்மொழிப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வந்தார். அந்தப் பயணத்தை ஒட்டி அவர் எழுதிய அறிக்கையின் வழியாகத்தான் 1922 நவம்பரில் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்று தமிழாசிரியர்களையும் உருவாக்குகிற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அதுதான்.

வின்ஸ்டெட் எதைத் தேடிப் போனார்? குடியானவன் மகன் தகப்பனைவிடக் கொஞ்சம் தேர்ந்த குடியானவனாக இருந்தால் போதும் என்பது அன்றைய ஆட்சியாளரின் எண்ணம். அதற்கு ஏற்ற கல்வியைத் தேடினார்; தேடியதே கிடைத்தது. கூடை முடைவதும் தோட்ட வேலையும் கல்லூரிப் பாடத்திட்டத்தில் பெரிய இடத்தைப் பிடித்தன. அதே கல்லூரி பின்னாளில் மலாய் எழுத்தாளர்களுக்கும் தேசியவாதிகளுக்கும் நாற்றங்காலானது மாணவர்களின் சாதனை. பயணத் திட்டத்தில் அது இல்லை. போகும்போது மனத்தில் இருக்கிற கேள்விதான் திரும்பும்போது பெட்டியில் இருக்கும்.

நூறு ஆண்டுக்குப் பிறகு அந்தக் கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்கள். சிலர் பல்கலைக்கழகங்களின் பன்னாட்டு அலுவலகங்களில் கோப்பு நகர்த்துபவர்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேடை, இரண்டு கொடி, தோல் உறையிட்ட கோப்பு, நினைவுப் பரிசு, படம். அதன் பிறகு அதில் எத்தனை ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்று கேட்டால், எத்தனை மாணவர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற தலைக்கணக்கு பதிலாக வரும். அந்தக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. கியூஎஸ் நிறுவனத்தின் ஆசியத் தரவரிசையில் பரிமாற்றத்தில் உள்ளே வரும் மாணவருக்கு 2.5 விழுக்காடும் வெளியே போகும் மாணவருக்கு 2.5 விழுக்காடும் மதிப்பெண் உண்டு. போனவர் என்ன கற்றார், திரும்பி வந்து யாருக்குக் கற்பித்தார் என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் ஆசிரியர்களை உருவாக்கும் நாம்தான்.

நம் மாநிலத்தின் நிலையிலிருந்து பார்ப்போம். மலேசியாவின் ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் 134 பேராக்கில் இருக்கின்றன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று பழைய தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி என்று பெயருக்கு ஒரு கொட்டகை; கிராணியோ கங்காணியோ ஆசிரியர். பாடநூல் கப்பலில் சென்னையிலிருந்து வந்தது. பால்மரத்தடியில் வளர்ந்த பிள்ளை, பார்த்தே இராத காவிரியைப் பற்றிப் படித்தது. தமிழ்நாட்டோடு நமக்கிருந்த முதல் கல்வி உறவு அந்த ஒருவழி இறக்குமதிதான் என்பதை மறக்கக் கூடாது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தன. 1957இல் நாட்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் சுருங்கின. எஞ்சியவற்றில் சில நகர்ப்புறத்துக்கு இடம் மாறிப் பெருகின. சில செம்பனைக்கு நடுவே அப்படியே நிற்கின்றன. 150 பேருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. முப்பதுக்கும் கீழே இறங்கினால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைக்க வேண்டி வரும்.

அந்த அறையில் ஓர் இளம் ஆசிரியை நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் உயிரெழுத்தை எழுதிப் பழகும் முதலாம் ஆண்டு, இன்னொரு பக்கம் வாக்கியம் அமைக்கும் இரண்டாம் ஆண்டு. இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? பயிற்சியில் அவர் பழகியது பெரும்பாலும் ஒரே ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை நடத்தும் முறை. இந்த அறையின் சிக்கலுக்கு விடை தேடி எந்த ஒப்பந்தமாவது கையெழுத்தானதா?

விடை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தமிழிலேயே வேலை செய்கிறார்கள். ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில், பல வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலைக்காகவே அட்டைகளும் கற்றல் ஏணியும் உருவாயின. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசு தொடக்கப்பள்ளிகள் முழுக்க அது பரவியது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தன் படியைத் தானே கண்டு, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, முடித்ததைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடும். ஆசிரியர் தரையில் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்க, மற்றக் குழுக்கள் தாமாக நகரும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்தது. குறைகளும் பேசப்பட்டன. புத்தகமே இல்லாமல் என்ன படிப்பு என்று பெற்றோர் கேட்டார்கள். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் நொந்துகொண்டார்கள். நமக்குப் பாடம் அந்தக் குறைகளிலும்தான் இருக்கிறது. வெற்றியை மட்டும் காட்டுகிற கருத்தரங்கில் அது கிடைக்காது. ஒரு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஒரு பருவம் தங்கினால் கிடைக்கும்.

இலங்கையின் மலையகம் இன்னும் நெருக்கம். அதே கங்காணி முறை, அதே லயம், அதே ஓராசிரியர் பள்ளி. 1970களில் தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு சுவீடன் நாடு அந்தப் பள்ளிகளுக்கு உதவியது. ஜெர்மனியின் துணையோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே பயிற்சி பெற்ற ஆசிரியர்களாகித் தோட்டத்துக்குத் திரும்பும் வழி பிறந்தது. பன்னாட்டுப் பங்காளித்துவம் தோட்டப்பள்ளிக்குள் நுழைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழுலகில் இல்லை. பத்தனையின் பெயர் எந்தத் தரவரிசையிலும் வராது. நம் பன்னாட்டு அலுவலகங்களின் கண்ணில் அது படாமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வெளிநாட்டோடு சேர்ந்து ஆசிரியர்களை உருவாக்குவது மலேசியாவுக்குப் புதிதல்ல. 1950களில் லிவர்பூலுக்கு அருகே கர்க்பியில் மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரி நடந்தது. 1956 பிப்ரவரி 7 அன்று விடுதலை நாளைத் துங்கு அப்துல் ரஹ்மான் முதலில் அறிவித்தது அந்த மாணவர்கள் முன்னால்தான். ஆனால் அங்கே உருவானவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிக்கான ஆசிரியர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அந்தக் கப்பலில் இடமிருக்கவில்லை. சுங்கை சிப்புட்டின் வீ.தி. சம்பந்தன் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துத் திரும்பினார். 1954இல் தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழக் காரணமாக இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேளையில், 1960இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். கர்க்பியையும் சம்பந்தனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: பெரிய திட்டத்தில் விடுபட்ட ஊரை, ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று போன ஒருவர் ஈடுகட்டினார். எல்லாருக்கும் சம்பந்தனின் குடும்ப வசதி இருக்காது. அந்த வசதியைத் தருவதுதான் நிறுவனத்தின் வேலை.

எண்ணம் சரியாக இருந்தாலும் நடைமுறையில் கால் இடறும் இடங்கள் உண்டு. முதலாவது கிரெடிட். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி. திண்டுக்கல்லில் நான்கு கிரெடிட் முடித்த மாணவிக்குத் தஞ்சோங் மாலிமில் மூன்றுதான் கணக்காகும். இதைப் புறப்படும் முன்பே பாடவாரியாக எழுதிக் கையொப்பமிடாவிட்டால், திரும்பி வந்தவர் ஒரு பருவம் கூடுதலாக இருந்து அதே பாடத்தை மறுபடி படிக்க நேரும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987 முதல் தாக்குப்பிடித்ததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. மாணவர் கையில் கற்றல் ஒப்பந்தம் இல்லாமல் அங்கே யாரும் கிளம்புவதில்லை.

இரண்டாவது நாள்காட்டி. தமிழ்நாட்டில் மே மாதம் பள்ளி கிடையாது; டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. நமக்கு வசதியான விடுமுறையில் அனுப்பினால் பூட்டிய பள்ளியைத்தான் பார்த்து வருவார்கள். மூன்றாவது கால அளவு. தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பான சீமியோ நடத்தும் பயிற்சி ஆசிரியர் பரிமாற்றம் ஒரு மாதம்: முதல் வாரம் கவனித்தல், இரண்டாவது உதவுதல், மூன்றாவது கற்பித்தல், நான்காவது மதிப்பீடு. கண் திறக்க அது போதும். கை பழக ஒரு வாரக் கற்பித்தல் போதாது. நான்காவது செலவு. பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை கடவுச்சீட்டுக்கும் விமானச் சீட்டுக்கும் முன்பணம் கட்டி, பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற விதி, தோட்டத்துப் பிள்ளையைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் அடித்துவிடும்.

கூட்டுத் திட்டங்களுக்கு ஒரு நல்ல முன்மாதிரி சென்னையில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை, நூலகத்தைச் சென்னையிலேயே வைத்தது. பேராக்கின் தோட்டப்பள்ளிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவும் கறையானுக்கு முன்னே நம் கைக்கு வந்தால் அது ஒரு சமூக வரலாறு. அதை வெளிநாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்து மின்னாக்கம் செய்யலாம். மூலம் இங்கேயே இருக்க வேண்டும், ஆய்வில் நம் ஆசிரியர் பெயரும் வர வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நாம் வாங்குபவர்கள் மட்டுமல்ல. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஏழு வயதில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் எழுதப் பழகுகிறது. வீட்டில் தமிழ் குறைந்த பிள்ளைக்கும் அறிவியலைத் தமிழில் சொல்லித் தரும் பயிற்சி நம் ஆசிரியர்களுக்கு உண்டு. சென்னையின் அட்டைகளை அப்படியே இறக்கினால் மறுபடி காவிரிப் பாடம்தான். செம்பனையும் பசாரும் மலாய்ச் சொல்லும் கலந்த அட்டையை இருதரப்பும் உட்கார்ந்து எழுதினால் அது இருவருக்கும் உடைமை.

ஆகவே நம் துறைத் தலைவர்களுக்கும் பன்னாட்டு அலுவலகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தத்துக்கான அழைப்பிதழ் அச்சாகும் முன், முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்த ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே ஒரே அறையில் இரண்டு ஆண்டுகளை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியையிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒப்பந்தத்தின் முதல் விதியாக எழுதுங்கள். பிறகு பேனாவைத் திறக்கலாம்.