வட்டம், கட்டம், வைரம்... அப்புறம் ஒரு மின்னல்!

பி.காம். படிப்பவர்களுக்கு ஃப்ளோசார்ட் புதிதல்ல. முதல் வருட கம்ப்யூட்டர் பேப்பரிலேயே வந்துவிடும், பரீட்சை முடிந்ததும் மறந்தும்விடும். ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் அதன் அண்ணன் ஒருவர் காத்திருக்கிறார். பெயர் பி.பி.எம்.என். கடன் விண்ணப்பமோ, இன்சூரன்ஸ் க்ளெய்மோ, சரக்கு ஆர்டரோ, ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் கைக்குப் போகிறது, எங்கே முடிகிறது என்பதைப் படமாக வரைகிற முறை இது.

இதன் முதல் பதிப்பு 2004-ல் வந்தது. 2006-ல் ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. 2011 ஜனவரியில் 2.0 பதிப்பு, 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரம். இதில் 2.0-தான் பெரிய திருப்பம். அதுவரை படம் என்பது பெரும்பாலும் சுவரில் மாட்டி வைக்கத்தான். அதைப் பார்த்து புரோகிராமர் தனியாக எழுத வேண்டும், அல்லது பி.பி.இ.எல். என்ற வேறொரு மொழிக்கு மாற்ற வேண்டும். 2.0 வந்தபின் விவரங்களைச் சரியாக நிரப்பினால் படத்தையே கம்ப்யூட்டர் இயக்கும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. படம் தானாக ஓடும் என்றால், வரைகிறவர் வெறும் ஓவியர் இல்லை. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று எழுதுகிறவர் அவர்தான்.

ஒரு வட்டிக்கடையைப் படமாக வரைந்தால்...

பாடப்புத்தகங்கள் இதை விளக்க பீட்ஸா ஆர்டர் உதாரணம் கொடுக்கின்றன. அதைவிட நல்ல உதாரணம் செட்டிநாட்டிலேயே இருக்கிறது. காரைக்குடி பக்கத்தில் புதுவயலை ஒட்டியிருக்கிற கண்டனூர், நகரத்தார் ஊர்களில் ஒன்று. இந்த ஊர்களிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா என்று 'கொண்டு விற்கப்' போனவர்கள் நடத்திய லேவாதேவிக் கடைகள் ஒழுங்குக்குப் பேர்போனவை. முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்துகிற ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருட ஒப்பந்தம். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு தப்பாமல் எழுதப்படும். ஊருக்குக் கடிதம் போய்க்கொண்டே இருக்கும்.

ஐராவதி டெல்டாவில் அப்படி ஒரு கடை. நெல் விவசாயி ஒருவர் கடன் கேட்டு வருகிறார். படம் வரையலாமா?

கடை ஒரு பெரிய செவ்வகம், அதற்குப் பெயர் பூல். அதற்குள் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று வரிசைகள், அவை லேன்கள். விவசாயி கடைக்கு வெளியே இருப்பவர், அவருக்குத் தனி பூல். இரண்டு பூல்களுக்கு நடுவே செய்தி மட்டும்தான் போகலாம், அது விட்டுவிட்டு வரையும் கோடு. கடைக்குள் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போவது முழுக்கோடு.

விவசாயி வந்து கேட்பது தொடக்க நிகழ்வு: மெல்லிய கோட்டு வட்டம், உள்ளே ஒரு கடித உறை. ஆளையும் நிலத்தையும் எடைபோடுவது மேலாளின் வேலை. முனை மழுங்கிய கட்டம், மூலையில் ஒரு மனிதத் தலை, இது யூசர் டாஸ்க். அடுத்து 'கொடுக்கலாமா?' என்ற வைர வடிவம், அதுதான் கேட்வே. உள்ளே பெருக்கல் குறி இருந்தால் ஒரே ஒரு வழியில்தான் போக முடியும். கூட்டல் குறி இருந்தால் எல்லா வழியிலும் ஒரே சமயத்தில் போகும்: ஒருபுறம் புரோநோட்டு எழுதுவது, மறுபுறம் பெட்டியிலிருந்து பணம் எண்ணுவது. இரண்டும் முடிந்து மறுபடி சேர்ந்தால்தான் அடுத்த அடி.

கடன் கொடுத்தாயிற்று. இனி காத்திருக்க வேண்டும். இதற்கும் ஒரு கேட்வே உண்டு. பணம் வருவது, தவணை முடிவது, இரண்டில் எது முதலில் நடக்கிறதோ அந்தப் பாதை திறக்கும். பணம் வந்தால் வரவு வைத்துத் தடித்த வட்டத்தில் முடிப்பு. தவணைதான் முதலில் வந்தது என்றால்? நீட்டிக்கலாம், அல்லது அடமான நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பி.பி.எம்.என். என்றால் கடைசியில் இவ்வளவுதான்: வட்டம், கட்டம், வைரம், கோடு.

ஓடும் படம் எதை விட்டுவிடுகிறது?

இயக்குவதற்கென்று 2.0 தரம் ஒரு சிறு தொகுப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. யூசர் டாஸ்க், சாஃப்ட்வேரே செய்துகொள்ளும் சர்வீஸ் டாஸ்க், சில கேட்வேக்கள், செய்தி நிகழ்வு, டைமர், இன்னும் சில. அழகுக்கு வரைகிற பல குறிகள் அதில் கிடையாது. பூலும் லேனும்கூட அந்தப் பட்டியலில் இல்லை! 'மேனுவல் டாஸ்க்' என்று கை படம் போட்ட கட்டம் ஒன்று உண்டு. மனிதர் கையால் செய்கிற, கம்ப்யூட்டருக்குத் தெரியாத வேலை அது. அதை இயக்காமல் கடந்து போகலாம் என்று தரமே சொல்கிறது. பெட்டியடிப் பையன் பணத்தை எண்ணினானா, பாதியில் நிறுத்தினானா, அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

அந்தச் சிறு தொகுப்பில் விடாமல் சேர்த்திருக்கிற ஒரு குறி கவனிக்க வேண்டியது. கட்டத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டை வட்டம், உள்ளே மின்னல். எரர் பவுண்டரி ஈவன்ட். 'இந்த வேலை தவறினால் இந்தப் பாதையில் போ' என்பது அதன் அர்த்தம். மாணவர்கள் கடைசியாக வரைவதும், நேரம் இல்லையென்றால் வரையாமலே விடுவதும் இதைத்தான். முதலில் வரைய வேண்டியது இதுதான் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

பர்மா சொல்லும் பாடம்

1930 வாக்கில் பர்மாவில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அப்போது உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஏஜெண்டுகள் தவணையை நீட்டிப் பார்த்தார்கள். நீட்டியும் பணம் வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே பாதை, நிலம்.

கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் உடைமையாளர்கள் கையிலிருந்த நிலமெல்லாம் சேர்ந்த மொத்தப் பரப்பில் செட்டியார்களிடம் இருந்தது 1930-ல் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம். கடன் கொடுத்து வாங்குவதுதான் அவர்கள் தொழில். பணம் புரள வேண்டிய இடத்தில் வயலாக முடங்கினால் லேவாதேவிக்காரருக்கு என்ன லாபம்? நிலம் இழந்த பர்மிய விவசாயிக்கோ அது வாழ்வின் முடிவு. வெறுப்பு வளர்ந்தது. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பு. சுதந்திரம் வந்த 1948-லேயே நில தேசியமயச் சட்டம். கணக்குப் புத்தகத்தில் சொத்தாக இருந்தது கைவிட்டுப் போனது.

இதில் எந்த ஏஜெண்டும் விதி மீறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் முடிவு மாறாது. தவறும் பாதை படத்தில் இருந்தது. ஆனால் அது ஒரு விவசாயி தவறினால் என்பதற்காகப் போட்ட பாதை. எல்லோரும் ஒரே நேரத்தில் தவறினால் என்ன செய்வது என்பதற்குப் பாதையே இல்லை. அதனால் ஒவ்வொரு கடையும் தன் படத்தை ஒழுங்காக இயக்கியது, எல்லாம் சேர்ந்து அழிவில் முடிந்தது.

ரேகை பொருந்தாதபோது

இது பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை வந்தது. இதைப் படமாக வரைந்தால் நடுவில் ஒரு வைரம் வரும்: 'ரேகை பொருந்தியதா?' ஆம் என்றால் அரிசி. இல்லை என்றால்? வயதானவர்களுக்கும், செங்கல் சூளையிலும் வயலிலும் கை தேய்ந்தவர்களுக்கும் ரேகை சரியாக விழுவதில்லை என்பது தெரிந்த விஷயம்.

'இல்லை' பக்கம் நேராக முடிப்பு வட்டம் போட்டுவிட்டால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது. எரர் வரவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை. வெறும் பையோடு திரும்பிய பாட்டி, முடிந்த பரிவர்த்தனைகளில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார். வரையாத மின்னலின் ஆபத்து இதுதான், தவறு தவறாகவே தெரியாது.

விதியில் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆதார் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கடைக்கு வர முடியாத முதியவர்கள் வேறொருவரை அனுப்ப இங்கே படிவம் உண்டு. இவையெல்லாம் நல்ல மின்னல் பாதைகள். ஆனால் தாளில் இருக்கிற பாதை இயந்திரத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரர் நல்லவராக இருந்தும் அமுக்குவதற்குப் பட்டன் இருக்காது.

எதிர்க்கேள்வி

'இப்படி எல்லாவற்றுக்கும் விலக்குப் பாதை போட்டால் படம் இடியாப்பம் ஆகிவிடாதா? மனிதர் கையில் முடிவை விட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்க மாட்டாரா?' நியாயமான கேள்வி. மேலாள் முகம் பார்த்துக் கடன் கொடுத்த காலத்தில் முகம் பிடிக்காதவர்களும் இருந்திருப்பார்கள். இயந்திரம் ஜாதி பார்க்காது, சொந்தம் பார்க்காது. அது பெரிய லாபம்தான்.

ஆனால் விலக்கைப் படத்தில் வரைந்தால்தான் அதற்கும் கணக்கு இருக்கும். யார் அனுமதித்தார், எத்தனை முறை, ஏன் என்று எல்லாம் பதிவாகும். வரையாத விலக்குதான் சிபாரிசாக மாறும். நூறு பாதைகளும் தேவையில்லை. பொருந்தாத எல்லாவற்றையும் பொறுப்புள்ள ஒரு மனிதர் மேஜைக்கு அனுப்பும் ஒரு மின்னல், அவர் பதில் சொல்லத் தவறினால் மேலே அனுப்ப ஒரு டைமர். பெரும்பாலான படங்களுக்கு இது போதும்.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கண்டனூரை அடுத்த புதுவயலில் அரிசி ஆலைகள் இருக்கின்றன. நெல் லாரி உள்ளே வருவதிலிருந்து அரிசி மூட்டை வெளியே போவது வரை வரைந்து பார்க்கலாம். நேர்வழியைப் பத்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். நெல்லில் ஈரம் அதிகமாக இருந்தால், எடைமேடை பழுதானால், ஒரே நாளில் நாற்பது லாரி வந்தால் என்று கேட்க ஆரம்பித்தால் மிச்சப் பொழுது முழுக்கப் போகும்.

அந்த மிச்சப் பொழுதில் செய்வதுதான் உண்மையான வேலை. முதல் பத்து நிமிட வேலையை சாஃப்ட்வேரே செய்துவிடும்.