எங்கள் கை பட்டால் உங்கள் முகம் என்னவாகும்?

முடி வெட்டியவரை நாசுவன் என்றார்கள். அவர் வீட்டுப் பெண் பேறுகாலம் பார்த்தால் தீட்டு என்று புறவாசல் வழியாக அனுப்பினார்கள். சேரிக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் பகலில் கண்ணிலேயே படக்கூடாது என்று வைத்திருந்தது இந்தத் திருநெல்வேலிச் சீமை. 1932இல் பத்திரிகையிலேயே அது வந்தது. அடுத்தவர் உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலையெல்லாம் இழிதொழில். அதே வேலைக்கு ஏ.சி.யும் கண்ணாடியும் சான்றிதழும் வந்ததும் பெயர் 'பியூட்டிஷியன்'. அப்போ அந்த இழிவு எங்கே போச்சு?

தென்காசியில் ஒரு மாடியறைப் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம் படித்தவள் நான். இழிவு எங்கேயும் போகவில்லை. த்ரெடிங், வேக்சிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் என்று எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே ஃபீஸ். ஜோடி சேர்ந்து ஒருத்தி முகத்தில் ஒருத்தி பழகணும். முதல் வாரமே கேள்வி வந்தாச்சு: "ஏம்மா, நீ எந்தத் தெரு?" அதற்கப்புறம் எனக்கு ஜோடி இல்லை. குறைந்த காசுக்கு ஃபேஷியல் செய்ய வந்த ஒரு அம்மா, "அந்தப் பிள்ளை வேண்டாம், வேற ஆளை வரச் சொல்லுங்க" என்றார். டீச்சர் என்னிடம் துண்டுகளை நீட்டி, "நீ இதைத் தொவைச்சுக் காயப்போடு" என்றார். ஃபீஸ் கட்டி வண்ணாத்தி வேலை பார்த்தேன். ஆனால் கறுப்பு முகத்தை 'ரெண்டு ஷேடு ஏத்துறது' எப்படி என்று காட்ட மட்டும் என் முகம் வேணும். ப்ளீச்சில் இருக்கிற பெராக்சைடு வெளுப்பது முகத்து ரோமத்தை. தோலின் கறுப்பு அப்படியே இருக்கும். இது டீச்சருக்கும் தெரியும். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரில் இருந்த 'ஃபேரை' மட்டும் எடுத்துவிட்டு 'க்ளோ' ஆன மாதிரிதான்.

அங்கிருந்து நாலு மைல்கூட இல்லை குற்றாலம். சாரல் சீசனில் போய்ப் பாருங்கள். வெளியூர்ச் சாதி இந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் முதுகைக் கொடுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். தேய்க்கிறவர் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. சுகமாகத்தான் இருக்கிறது அவருக்கு. உள்ளூரில் தெரு தெரிந்துவிடுவதால் அதே கை ஆகாது.

நம்ம தோழர்கள் சிலர், அழகு நிலையமே பெண்ணடிமைத்தனம், இதுக்கு எதுக்கு நம்ம பிள்ளைகள் போகணும் என்கிறார்கள். ஷேவ் பண்ணிக்கொண்டு வந்து பேசுகிறார்கள்! அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஜான்ஸ் தீவில், 1957இல் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமைக்காக எழுத்தறிவு தரும் பள்ளி தொடங்கியபோது முதல் ஆசிரியையாக இருந்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் தொழில் சிகை அலங்காரம். வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். வெள்ளை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவான் என்ற பயம் அவருக்கு இல்லை. அந்தச் சீப்பும் கத்திரிக்கோலும் கொடுத்த தைரியத்தைத்தான் நான் கேட்கிறேன்.

தாட்கோ நம் பிள்ளைகளுக்கு அழகுக்கலைப் பயிற்சி தருகிறது. தரட்டும், வேண்டியதுதான். பயிற்சி முடித்தவள் எங்கே கடை போடுவாள்? பஜாரில் வாடகைக்கு இடம் கேட்டால் அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால் தெருவைப் பேசுகிறார்கள். தீண்டாமைக்கு 1955 சட்டம் இருக்கு, 1989 சட்டம் இருக்கு. "இடம் வேற ஆளுக்குப் பேசியாச்சும்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரை எந்தப் பிரிவில் பிடிப்பது? ஆகவே சான்றிதழோடு நிறுத்தாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் நகராட்சி கட்டும் கடைகளில் சேரிப் பெண்கள் பேரில் எத்தனை இருக்கிறது என்று ஊருக்கு ஊர் மனுப் போட்டுக் கேளுங்கள். தென்காசிக்கு நான் போட்டுவிட்டேன்.