கடிதத்திலேயே எழுதட்டும், 60 நாள் என்று!

"கோர்ட்டுப் படி ஏறாம வாழ்ந்துட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் நம் லயங்களில் உண்டு. நல்ல வாழ்க்கைதான். ஆனால் வேலை போன அன்று அந்தப் பெருமை சோறு போடாது. அன்று எந்தப் படியில் ஏறுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிலாங்கூரில் ஒரு தோட்டம். இருபத்திரண்டு வருஷம் உழைத்த தொழிலாளியை ஒரே கடிதத்தில் நிறுத்திவிட்டார்கள். "துரை லீவுல இருக்காரு, வந்ததும் பேசறேன்" என்றார் கிராணி. மனிதர் நம்பிக் காத்திருந்தார். பிறகு போலீஸ் நிலையம் போனார். பிறகு இரண்டு பஸ் மாறி, கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கே போய், யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பினார். என்னிடம் வந்தது எழுபத்தோராவது நாள்.

"அவ்வளவு பெரிய கோர்ட்டுக்கே போயிட்டு வந்துட்டேனே அண்ணே, இன்னும் எங்க போறது?" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

தோழர்களே, நியாயமான காரணமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டு மனுச் செய்ய, 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. மனு போக வேண்டிய இடம் தொழிலுறவு இலாகா. 60 நாளுக்குள் போக வேண்டும். 61-ஆம் நாள் போனால் எடுக்க மாட்டார்கள். அங்கே சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு அதற்கு அமைச்சர் மனசு வைக்க வேண்டும். 2021 முதல் இலாகாவே நேராக அனுப்புகிறது.

சம்பள பாக்கியா? தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வெளியாள் 5,000 வெள்ளிக்குள் பணம் தர வேண்டுமா? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சம்மன் வந்ததா? அதில் போட்ட கோர்ட்டுக்கு, போட்ட தேதியில் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் நம் பேச்சைக் கேளாமலே தீர்ப்பாகிவிடும். மாஜிஸ்திரேட் முதல் புத்ராஜெயாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் வரை எல்லாம் கூட்டரசைச் சேர்ந்தவை. சிலாங்கூர் மாநிலத்தின் கையில் இருப்பது ஷரியா நீதிமன்றம் மட்டுமே. ஆகவே மந்திரி பெசாருக்கு மனுக் கொடுத்தால் கோர்ட்டுத் தேதி நகராது.

"சட்டம் தெரியாதது தொழிலாளியின் தவறு" என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். நிர்வாகத்துக்கு வக்கீல் இருக்கிறார். தொழிலாளியின் கையில் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். '60 நாளுக்குள் இந்த இலாகாவில் மனுச் செய்யலாம்' என்று அவனுக்குப் புரிகிற மொழியில் அந்தக் கடிதத்திலேயே எழுத வேண்டுமெனச் சட்டம் வரட்டும். ஒரு வரிதானே! யாருக்கு நட்டம்?

அதுவரை நாம் செய்ய வேண்டியது இது. கடிதத்தைக் கோபத்தில் கிழிக்காதீர்கள். கைக்கு வந்த தேதியை அதன் பின்னால் எழுதுங்கள். அன்றைக்கே சங்கக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.

துரையோடு பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் பேசுங்கள். மனு முதலில் போகட்டும்.