பளபளப்பு வேண்டாம்; அழுக்கு போனால் போதும்!

பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கிறோம். அடியில், துணியில் சுற்றிய ஒரு சிறு பெட்டி. உள்ளே தாத்தாவின் ரேஸர்! சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மூலைகளில் பச்சைக் களிம்பு. பார்த்தவுடன் நமக்கு என்ன தோன்றும்? "நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும்" என்றுதானே?

அந்த ஆசைதான் பழைய ரேஸருக்கு எமன். அறுபது ஆண்டு உபயோகத்தில் தேயாத ரேஸர், அரை மணி நேர ஆசையில் பாழாகி விடுகிறது. சுத்தம் வேறு, பளபளப்பு வேறு. முன்னது அவசியம். பின்னது அநேகமாக அழிவு. இதுவே என் அபிப்பிராயம். ஊருக்கு உபதேசம் செய்வதாக எண்ண வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன்.

நான் செய்த பாவம்

என் தந்தையார் 1962-ல் சென்னை மூர் மார்க்கெட்டில், பழைய சாமான் கடை ஒன்றில், ஒரு கில்லெட் ரேஸர் வாங்கினார். அந்த மார்க்கெட் 1985-ல் தீக்கு இரையாயிற்று. தந்தையாரும் பிறகு காலமாகி விட்டார். ரேஸர் மட்டும் மிஞ்சியது.

1993-ல் தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது அது என் கையில் அகப்பட்டது. குத்துவிளக்குத் தேய்க்க வைத்திருந்த புளியும் சாம்பலும் பக்கத்திலேயே இருந்தன. விடுவேனா? அழுத்தித் தேய்த்தேன். பிறகு உலோகப் பாலிஷ் போட்டு மறுபடியும் தேய்த்தேன். வெள்ளி போல் இருந்த ரேஸரில் திட்டுத் திட்டாக மஞ்சள் தெரிந்தது. "அடடா, உள்ளே பித்தளை!" என்று மகிழ்ந்து இன்னும் தேய்த்தேன்!

அம்மா வந்து பார்த்தார். "ஏண்டா, அப்பா இருந்தவரை இது இப்படி இல்லையேடா?" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

புளி ஏன் ஆகாது?

கிங் காம்ப் கில்லெட் என்ற அமெரிக்கர் தம் ரேஸருக்கு 1904-ல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய 1903-ம் ஆண்டில் விற்றவை மொத்தம் 51 ரேஸர்களும் 168 பிளேடுகளுமே. பின்னால் உலகமெங்கும் பரவிய அந்த ரேஸர்களில் பெரும்பாலானவை பித்தளையில் செய்யப்பட்டவை. அதன் மேல் நிக்கல் பூச்சு. சிலவற்றுக்கு வெள்ளிப் பூச்சு, சிலவற்றுக்குத் தங்கப் பூச்சு. இந்தப் பூச்சு தலைமயிரைவிட மிக மெல்லியது.

நம் வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். மேலே கொஞ்சம் தேய்ந்தால் அடியிலும் பித்தளைதானே! ஆகவே நஷ்டம் தெரிவதில்லை. ரேஸரோ அப்படியல்ல. பூச்சு ஒரு முறை போனால் போனதுதான். சாம்பலும் செங்கல் தூளும் அதைக் கீறும். புளியின் காடி, கீறல் வழியே உள்ளே புகுந்து பித்தளையை அரிக்கும். பாலிஷ் செய்வதும் அதே வேலைதான். கொஞ்சம் நாகரிகமாகச் செய்யும்!

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் பிளேடை எடுத்து விடுங்கள். கை முக்கியம்.

வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன? சோப்பும், உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்த கசடு. அதற்குப் பலாத்காரம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில துளி விட்டு, அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு மெத்தென்ற பழைய பல் பிரஷ்ஷால் துலக்குங்கள். போகாவிட்டால் மறுபடியும் ஊற வையுங்கள்.

மூன்று பாகமாகக் கழலும் ரேஸரானால் கழற்றியே கழுவலாம். திருகு மரையில் இருக்கும் அழுக்கை ஊசியால் குத்த வேண்டாம். தென்னை ஈர்க்குச்சி போதும். அது உலோகத்தைவிட மெதுவானது, கீறாது. அடியிலுள்ள குமிழைத் திருகினால் இரு கதவுகள் போலத் திறக்கும் ரேஸரை மட்டும் பிரிக்க முயல வேண்டாம். இறுகியிருந்தால் ஊற வைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, காத்திருங்கள். குறடு எடுத்தீர்களானால் கதை முடிந்தது.

பச்சைக் களிம்பு, பித்தளை அரிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளம். அதை விட்டு வைக்கக் கூடாது. ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து விடுங்கள். "கொஞ்சம் போட்டாலே இவ்வளவு போகிறதே, ராத்திரி முழுவதும் ஊற வைத்தால்?" என்று கேட்காதீர்கள். களிம்போடு பூச்சும் உரிந்து வரலாம்.

கிட்டே வரக் கூடாதவை

கொதிக்கும் தண்ணீர் கூடாது. பேக்லைட் பிடியுள்ள ரேஸர் அதில் மங்கிவிடும். சலவைச் சோடா கூடாது. அலுமினியப் பிடி அதில் கறுத்து, குழி விழுந்து போகும். தங்கப் பூச்சுள்ள சில ரேஸர்களில் பூச்சைக் காக்க மேலே மெல்லிய வார்னிஷ் அடித்திருப்பார்கள். அவற்றை இளஞ்சூட்டுத் தண்ணீர், சோப்பு, மெல்லிய துணி இவற்றோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அம்மோனியா கலந்த திரவங்கள் கூடாது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில், ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். யாரும் தொடாமலே அவை வெடிப்பு விட்டன! குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம். அழுத்தி வடிவம் கொடுத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும்; அம்மோனியா பட்டால் அந்த இடம் பிளக்கும். இதை 1921-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். தோட்டாவுக்கு நேர்ந்தது ரேஸருக்கு நேராது என்று யார் சொல்ல முடியும்?

கழுவித் துடைத்த பின் எண்ணெய் போடுவது நல்லது. ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் நின்ற குத்துவிளக்கில் பச்சை பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு துளி போதும். அது சிக்குப் பிடிக்காது.

சிலர் கேட்கலாம்

"பிறர் உபயோகித்த ரேஸர் ஆயிற்றே! பளபளவென்று ஆக்காமல் முகத்தில் எப்படி வைப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிருமி, பளபளப்பைக் கண்டு ஓடுவதில்லை. கசடு போகக் கழுவுங்கள். வார்னிஷ் அடிக்காத ரேஸரானால், பிறகு நூற்றுக்கு 70 பங்குள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். கசடு இருக்கும்போதே போட்டால் மருந்து உள்ளே எட்டாது. பிளேடு எப்போதும் புதிதாக இருக்கட்டும். மங்கலான ரேஸரும் இப்படிச் சுத்தமாகும். பளபளக்கும் ரேஸரிலும் கிருமி இருக்கலாம்.

"புதிதாகப் பூச்சுப் போட்டு விட்டால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. பூச்சு முழுவதும் போய், தினமும் உபயோகிக்க வேண்டிய ரேஸரானால் போடலாம், தவறில்லை. ஆனால் ஒன்று தெரிந்து போடுங்கள். புதுப் பூச்சுக்கு முன் ரேஸரைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்ப்பார்கள். பிடியிலுள்ள வரிகள் மழுங்கும். பிளேடைத் தாங்கும் விளிம்புகள் தேயலாம். தேய்ந்தால் சவரமே மாறிவிடும். எழுத்துக்களும் மறையும். 1950-களின் அமெரிக்கக் கில்லெட் ரேஸர்கள் பலவற்றின் தலையடியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஐந்தாவது எழுத்தான 'இ'யும் 2 என்ற எண்ணும் இருந்தால், அது 1959-ன் இரண்டாவது காலாண்டில் செய்தது. ரேஸரின் ஜாதகமே அதுதான். ஜாதகத்தை அழித்து விட்டு முகத்துக்குப் பவுடர் பூசுவதா?

இப்போது என்ன செய்கிறேன்?

மஞ்சள் திட்டுக்களோடு இருக்கும் அந்த ரேஸரால்தான் இன்றும் சவரம் செய்து கொள்கிறேன். முடிந்ததும் கழுவி, உதறி, துடைத்து வைக்கிறேன். இரண்டு நிமிட வேலை. இதைத் தினமும் செய்தால் புளியும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம்.

மேலே பூச்சுப் போட்டுத் தரட்டுமா என்று என் மகன் கேட்டான். வேண்டாம் என்று விட்டேன். பிடியின் ஒரு பக்கத்தில், நான் தேய்க்காமல் தப்பிய ஓர் இடம் இருக்கிறது. தந்தையாரின் கட்டைவிரல் பட்டுப் பட்டு வரிகள் சற்றே வழவழப்பாகி விட்ட இடம் அது. அவர் அங்கே முப்பது ஆண்டு பிடித்திருக்கிறார். அதையும் சக்கரத்தில் கொடுக்க எனக்கு மனமில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு ரேஸர் இருக்கும். எடுங்கள், கழுவுங்கள், உபயோகியுங்கள். புதிது வேண்டுமானால் கடையில் கிடைக்கும். பழையதைப் பழையதாகவே இருக்க விடுங்கள்.