மெஷின் வாங்கினால் மட்டும் மூச்சு வருமா?



ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கிழமையாக ஒரு வசூல் ஓடுகிறது. நமது ஆஸ்பத்திரிக்கு ஹை ஃப்ளோ ஒட்சிசன் மெஷின் வாங்கிக் கொடுக்கப் போகிறார்களாம். நிய்யத்து நல்லது. காசு தருபவர்களின் மனசும் நல்லது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் போதும், "நல்ல காரியத்தைத் தடுக்கிறார் ஸேர்" என்று பதில் வருகிறது. நான் தடுக்கவில்லை, கணக்குக் கேட்கிறேன். காசுக் கணக்கு அல்ல, ஒட்சிசன் கணக்கு.

இந்த மெஷின் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். மூக்கில் வைக்கும் சாதாரண மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு 6 லீற்றர் வரைதான் ஒட்சிசன் கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் மூக்கு காய்ந்து எரியும். மூச்சுத் திணறுகிறவர் காற்றை இழுக்கும் வேகமோ நிமிடத்துக்கு 30 லீற்றரைத் தாண்டிவிடும். மிச்சத்தை அறைக் காற்றுதான் நிரப்பும், கொடுக்கிற ஒட்சிசன் அதில் நீர்த்துப் போகும். ஹை ஃப்ளோ மெஷின் காற்றையும் ஒட்சிசனையும் கலந்து, 37 பாகைக்குச் சூடாக்கி, ஈரமாக்கி, நிமிடத்துக்கு 60 லீற்றர் வரை மூக்கு வழியாகக் கொடுக்கிறது. தொண்டைக்குள் குழாய் இல்லை. நோயாளி வீட்டாரோடு கதைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 310 நோயாளிகளை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், சாதாரண மாஸ்க் போட்டவர்களைவிட இதில் இருந்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் குறைவு. ஆகவே மெஷின் நல்ல மெஷின்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

இப்போது தரம் 8 பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. பெரிய சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லீற்றர் ஒட்சிசன் இருக்கும். சாதாரண குழாயில் நிமிடத்துக்கு 2 லீற்றர் போனால் அது இரண்டு நாளுக்கு மேல் வரும். ஹை ஃப்ளோவில் 60 லீற்றர் முழு ஒட்சிசனாகப் போனால் இரண்டு மணித்தியாலம்கூட வராது. ஒரு நாளைக்கு 86,400 லீற்றர், அதாவது ஒரே நோயாளிக்கு 12 சிலிண்டருக்கு மேல். கலவையில் ஒட்சிசனை 60 வீதமாகக் குறைத்தாலும் நாளைக்கு 6 சிலிண்டர் வேண்டும். வீட்டில் வைக்கும் கொன்சன்ட்ரேட்டர் நிமிடத்துக்கு 5 அல்லது 10 லீற்றர்தான் தரும். கடும் நோயாளிக்கு அது காணாது.

சிலிண்டரை யார் உருட்டுவது? நடுச்சாமம் இரண்டு மணிக்கு யார் மாற்றுவது? அதற்குத்தான் சுவர்க் குழாயும் பெரிய ஒட்சிசன் தாங்கியும். சில வகை மெஷின்களுக்கு அழுத்தத்தோடு வரும் சுவர்க் குழாய் இல்லாவிட்டால் வேலையே இல்லை. நமது விடுதிகளில் அந்தக் குழாய் எத்தனை கட்டில் வரை வந்திருக்கிறது? வசூல் விளம்பரத்தில் மெஷினின் படம் இருக்கிறது, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 2021 ஆகஸ்டில் நாட்டுக்கே ஒட்சிசன் காணாமல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

அடுத்தது சாமான். மூக்கில் வைக்கும் குழாயும் அதோடு வரும் சூடேற்றும் குழாயும் ஒரு நோயாளிக்கு உரியவை. கழுவி இன்னொருவருக்கு வைக்கிற சாமான் அல்ல. தண்ணீரும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். மெஷினோடு நாலைந்து செட் வரும். ஆறாவது நோயாளிக்கு என்ன செய்வது? 2022இல் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததை நாமெல்லாம் அனுபவித்தோம். குழாய் முடிந்த அன்றைக்கு நமது மெஷின் மூலையில் துணி போர்த்தி நிற்கும். அதில் ஒட்டிய "அன்பளிப்பு" ஸ்டிக்கர் மட்டும் பளபளக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஆள். இந்த மெஷினில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நோயாளிக்குச் சுகமாக இருக்கும், விரலில் மாட்டும் கருவியில் எண் நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளே நெஞ்சுத் தசை களைத்துக்கொண்டே போகும். செயற்கைச் சுவாசத்துக்கு மாற்ற வேண்டிய நேரம் தவறினால் உயிர் போகும். அதனால்தான் ஒட்சிசன் அளவு, கலவை வீதம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற மூன்றையும் சேர்த்து, தொடங்கிய 2ஆம், 6ஆம், 12ஆம் மணித்தியாலங்களில் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த மூச்சை எண்ணுவது பயிற்சி பெற்ற தாதி. இரவில் ஒரு தாதி முழு விடுதியையும் பார்க்கிற இடத்தில் யார் எண்ணுவது?

"ஒரு உயிராவது பிழைத்தால் போதுமே ஸேர்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அழகான வார்த்தை. நானும் அதைத்தான் கேட்கிறேன். அந்த ஒரு உயிர் பிழைக்க மெஷின் ஓட வேண்டும், திறப்பு விழா அன்று மட்டும் அல்ல, ஒவ்வொரு நாளும்.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை" என்று இன்னொருவர் சொன்னார். சரிதான். அப்படியானால் மெஷின் வாங்குவதும் அரசாங்கத்தின் வேலைதானே? படம் எடுக்கக்கூடிய சாமான் நமது வேலை, படத்தில் விழாத குழாய் அரசாங்கத்தின் வேலை என்று யார் பிரித்தது? ஸதகதுல் ஜாரியா என்கிறோம். ஓடிக்கொண்டிருப்பதுதானே ஜாரியா? மூலையில் நிற்கிற மெஷினில் என்ன ஓடுகிறது?

இன்னொன்று, மெஷின் ஓடினாலும் நோயாளி நேரத்துக்கு வர வேண்டும். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்களை எரித்த காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்றைக்கு "மெஷின் போட்டால் மௌத்துதான்" என்று பரப்புகிறவர்களுக்கு என்ன காரணம்? மூச்சு முற்றாகக் களைத்த பிறகு கொண்டுபோய்ச் சேர்த்தால் எந்த மெஷினும் தடுமாறும். பழி மெஷினுக்கு.

ஆகவே பள்ளி நிர்வாகத்தினரிடமும் வசூல் குழுவினரிடமும் பகிரங்கமாகக் கேட்கிறேன். அடுத்த ஜும்ஆவுக்கு முன் வைத்திய அத்தியட்சகரைச் சந்தித்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

1. இந்த மெஷினை ஆஸ்பத்திரி கேட்டதா, நாம் தீர்மானித்தோமா?
2. ஒரே நேரத்தில் எத்தனை ஹை ஃப்ளோ நோயாளிகளுக்கு ஒட்சிசன் தாங்கும்?
3. ஒரு வருடத்துக்கு எத்தனை குழாய் செட் வேண்டும், யார் தருவார்கள்?
4. பழுதானால் யார் திருத்துவது? கரண்ட் போனால் என்ன ஏற்பாடு?
5. இரவில் பார்ப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர்?

பதில்களைப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். மெஷின்தான் தேவை என்றால் முதல் காசு என்னுடையது. குழாய்தான் தேவை என்றால் வசூலைக் குழாய்க்குத் திருப்புங்கள், ஒரு வருடச் சாமானுக்குத் தனியாக ஒதுக்குங்கள். அதற்குப் பெனர் அடிக்க முடியாதுதான். பெனர் இல்லாமல் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளப்படாதா என்ன?

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஆளை விட்டுவிட்டுக் கணக்கைக் கதையுங்கள்.